கேட்டுவிட்டுப் போ

லோபாக்கிலிருந்து கோலா சாவா தாண்டி, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் அந்தத் தமிழ்ப்பள்ளிக்குக் காரோட்டிப் போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்குப் பாதி நாள் முடிந்த மாதிரி இருக்கும். பத்தொன்பது வருஷமாகப் பாலர் வகுப்பு. முழங்கால் போய்விட்டது, தொண்டையும் போய்விட்டது. காலையில் வணக்கம் சொல்லும்போதே மத்தியானம் எப்போது வரும் என்று இருக்கும்.

போன வருஷம் ஒன்பதே பிள்ளைகள். நம் ஆட்கள் டவுன் பக்கத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். தோட்டத்து வேலைக்கு இப்போது வருவது பெரும்பாலும் இந்தோனேசியாக்காரர்கள், வங்காளதேசிகள். மிச்சமிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் வீட்டில் பாதி மலாய்தான். அதனால் நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். கழிப்பறைக்குப் போக வேண்டுமா, முன்னால் வந்து கைகட்டி நின்று, "டீச்சர், நான் கழிப்பறைக்குப் போகலாமா?" என்று முழு வாக்கியமாகத் தமிழில் கேட்க வேண்டும். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. மலாயில் கேட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். என் டீச்சர் எனக்குச் செய்ததுதான். அவசரம் வந்தால் தமிழ் தானாக வரும் என்று நம்பினேன். வருஷா வருஷம் வரவும் செய்தது.

அந்த ஒன்பதில் ஒருத்தியின் தாய் இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்தவள். தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிறாள். தகப்பன் நம் ஆள், லாரி ஓட்டினார். பிள்ளைக்கு மூன்று வயதில் தவறிவிட்டார். மகள் தமிழ்ப்பள்ளிக்குத்தான் போகணும் என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா வந்து நின்றாள். "அவ அப்பா பாஷை அவளுக்கு வேணும் டீச்சர்," என்றாள், தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வகுப்பில் எட்டுப் பிள்ளை ஒன்பதாகிவிட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பிள்ளை வாயே திறக்கவில்லை. அழுகை இல்லை, சேட்டை இல்லை. ஒரு நாள்கூடக் கழிப்பறைக்குக் கேட்டு வந்து நிற்கவில்லை. "அவளப் பாருங்க, எவ்ளோ சமத்து," என்று மற்றதுகளிடம் வேறு சொன்னேன். தலைக்கு மேல் வேலை. தொல்லை தராத பிள்ளையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே வீட்டுக்குப் போகிறது என்று உதவிக்கு இருக்கும் பெண் இரண்டு தடவை சொன்னாள். தாகம் இல்லை போல என்றேன்.

பிறகு ஒரு வாரம் பிள்ளை வரவில்லை. எட்டாம் நாள் தாய் மட்டும் வந்தாள், வேலை உடுப்போடு, பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு. நடுக்கக் காய்ச்சலாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறதாம். ஒண்ணுக்கை அடக்கி அடக்கிக் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார்களாம். தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்கு வரும். வந்தால் கேட்க வேண்டும். கேட்கத் தெரியாது. அதனால் அந்த ஆறு வயதுப் பிள்ளை குடிப்பதையே நிறுத்தியிருக்கிறாள். காய்ச்சலில் அவளே தாயிடம் சொன்னாளாம்.

திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நான் வீட்ல தமிழ் பேசல. என் தப்புதான் டீச்சர். அவள நிப்பாட்டிறாதீங்க."

தப்பு என்னுடையது என்று சொன்னேன், மலாயிலும் சொன்னேன். அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிள்ளையாரைத்தான் பிடிக்க உட்கார்ந்தேனா என்பதே இப்போது சந்தேகம்.

பத்து நாள் கழித்துப் பிள்ளை வந்தாள், கன்னம் ஒட்டிப்போய். சட்டத்தை எடுத்தாயிற்று, வேணுங்கறப்ப எழுந்து போங்க, கேட்கவே வேண்டாம் என்று இரண்டு பாஷையிலும் அறிவித்தேன். மற்ற எட்டும் அன்று கழிப்பறையிலேயே குடியிருந்தன. இவள் மட்டும் அசையவில்லை. மணி பதினொன்றாயிற்று. தொடைகளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் மெதுவாக மலாயில் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள், எழவில்லை. கோபம் வந்தது எனக்கு, அவள்மேல் இல்லை.

வேறு வழி தெரியாமல் அவள் முன்னால் போய்க் கைகட்டி நின்றேன். டீச்சருக்கு அவசரமாக இருக்கிறது, தனியாகப் போகப் பயம், நீ கூட வருகிறாயா என்று கேட்டேன். எழுந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

கழிப்பறை வாசலில் நின்று, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள். மலாயில்தான். மற்ற நாளெல்லாம் டீச்சர் யாரிடம் கேட்டுவிட்டுப் போவீர்கள் என்று கேட்டாள்.

பத்தொன்பது வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்கு உன்னிடம்தானே கேட்டேன் என்றேன். அவள் அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.