டேப் எண் 412-இன் கடைசி எட்டு நிமிடம்

எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்குக் காந்தம் என்று பெயர். புது டேப் கிடைப்பது அரிது என்பதால், ஒளிபரப்பி முடிந்தவற்றைக் காந்தப் பெட்டியில் வைத்து அழித்து மறுபதிவுக்குத் தருவது அவர் வேலை. அவர் பக்கத்தில் போனால் கைக்கடிகாரம் நின்றுவிடும் என்று கேலி செய்வோம். மற்றவர்கள் டேப்பை ஒரு சுற்று சுற்றி எடுத்துவிடுவார்கள். அவர் இரண்டு சுற்று, புரட்டிப் போட்டு இன்னும் இரண்டு. இருபத்தாறு வருடத்தில் அவர் அழித்தவை 11,340. பதிவேடு என் பொறுப்பில் இருந்தது.

மனைவி இறந்த மறுமாதம், ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, கல்யாணத்துக்கு முன்னாடி அவ நம்ம வினாடி வினாவுல கலந்துக்கிட்டா. கடைசியில பரிசு வாங்கிட்டு ரெண்டு வார்த்தை பேசினாளாம். வீட்ல போட்டோ இருக்கு. குரல்தான் இல்ல."

"என்ன பரிசு?"

"இஸ்திரிப் பெட்டி. அது இன்னும் சுடுது."

தேடினேன். அந்தப் பாகம் டேப் 412-இல் இருந்தது. இரண்டு வருடம் கழித்து அதை அழித்து, தையல் வகுப்பு ஒன்றைப் பதிந்திருந்தார்கள். வினாடி வினா முப்பது நிமிடம். தையல் வகுப்பு இருபத்திரண்டு.

"சரியா அழிக்காம விட்டிருந்தா கடைசி எட்டு நிமிஷம் இருக்கலாம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எவனாவது சோம்பேறிப் பய அழிச்சிருக்கணும், அண்ணே."

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன். கையொப்பம் அவருடையது. அவர் கைக்குப் போகும் அழிப்புச் சீட்டில் எண் மட்டும்தான் வரும். நிகழ்ச்சியின் பெயர் வராது.

கையொப்பத்தின் மேல் விரலை வைத்தார். "அன்னிக்கு எனக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கலாம்ல? ஒரு சுத்தோட விட்டிருப்பேன்."

"இருந்திருக்கலாம்" என்றேன். வருகைப் பதிவேட்டை நான் எடுக்கவில்லை.

டேப்பை ஓட்டினோம். தையல் ஆசிரியை பொத்தான் துளையை முடித்து, துணியை மடித்து, வணக்கம் சொன்னார். பிறகு திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். காந்தம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, ஒலியைக் கூட்டினார். எட்டு நிமிடமும் வெறும் இரைச்சல்.

"இன்னொரு தடவ போடுங்கண்ணே."

போட்டேன். அப்போதும் அதேதான்.

அன்று பிற்பகல் அழிக்க ஒன்பது டேப் வந்தன. சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இதுல யார் யாருண்ணே இருக்காங்க?"

பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். நின்று கேட்டுக்கொண்டார். மாலை ஐந்து மணிக்குள் ஒன்பதும் சுத்தமாகத் திரும்பி வந்தன.