கசந்த தேநீரும் எங்கள் சந்தேகமும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவர்தம் வாழ்வை எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் தம்பியாகிய என்னிடம் ஒப்படைத்தனர். புகழ்ந்து மட்டும் எழுதினால் உண்மையை மறைத்தவனாவேன்.

அண்ணன் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தார். பதினாறு வயதில் மருந்தடிக்கும் பம்பை முதுகில் சுமந்து மலைச்சரிவு ஏறத் தொடங்கினார். அப்பா காலமான பின் இரு தங்கையருக்கும் திருமணம் செய்வித்தவர் அவரே. நாற்பத்தைந்தாம் வயதில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் பொறுப்பு கிட்டியது. அன்றுமுதல் எங்கும் மோட்டார் சைக்கிளில்தான் சென்றார். உணவோ பம்பு சுமந்த காலத்து அளவிலேயே நீடித்தது: மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு, குளிருக்கு இதமாக, இனிப்பான டின்பால் ஊற்றிய தேநீர் ஆறேழு முறை. வயிறு முன்தள்ளியது. மண்டோருக்கு ஏற்ற தோற்றம் என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

அதே பொறுப்பை எதிர்பார்த்து ஏமாந்தவர் பக்கத்து வீட்டு ஆறுமுகம். ஒரு மாலையில் அவர் எங்கள் இருவருக்கும் தேநீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்த அண்ணன் முகம் சுளித்தார்.

“டேய் ஆறுமுகம், என்னாடா போட்ட? எட்டிக்காயா கசக்குது!”

“ஒன்னுமே போடலண்ணே. சீனிகூட இல்ல. நான் விட்டு ரெண்டு வருசமாச்சுலா. நீங்களும் விடுங்க, வயித்தப் பாருங்க, மோட்டாருக்கே மூச்சு வாங்குது!”

அண்ணன் சிரிக்கவில்லை. வீடு திரும்பியதும் என்னிடம், “மண்டோர் வேல கெடைக்கலன்னு கருவிக்கிட்டு இருக்கான். இனிமே அவன் கையால பச்சத்தண்ணிகூட வாங்காத,” என்றார். நானும் வாங்கவில்லை.

பின்னொரு நாள் தோட்டத்திற்கு இரத்தப் பரிசோதனை செய்ய, நாங்கள் மிஸி என்று அழைக்கும் மருத்துவத் தாதி வந்தார். “ஐயா, அப்பா அம்மாவுக்கு இனிப்பு நீர், சக்கர வியாதி இருந்துச்சா?” என்று வினவினார். “எங்க வம்சத்துலயே கெடையாது,” என்று கூறி அண்ணன் விரலை நீட்ட மறுத்தார். நானும் ஆமோதித்துத் தலையசைத்தேன். அப்பாவின் கால்விரல்கள் கறுத்து அழுகியதை அட்டைக்கடி என்றே நாங்கள் சொல்லி வளர்ந்தோம். அது அட்டைக்கடிதானா என்று இப்போது சந்தேகிக்கிறேன். அன்று சந்தேகித்திருக்க வேண்டும்.

அண்ணனுக்குத் தாகம் அடங்கவில்லை, உடல் மெலிந்தது, பாதத்தில் ஒரு புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. குறி சொல்பவரிடம் சென்றோம். அண்டை வீட்டார் செய்வினை என்றார் அவர். வாசற்படியின் அடியில் என் கைகளாலேயே தோண்டினேன். துருப்பிடித்த குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தது. அதையே சான்றாகக் கொண்டோம். புண்ணைக் காட்ட ஒருவரும் மருத்துவரை நாடவில்லை.

அண்ணன் காய்ச்சலில் நினைவிழந்த அன்று, அழைக்காமலே வேனைக் கொண்டுவந்து நிறுத்தியவர் ஆறுமுகம். தானா ராத்தா மருத்துவமனைக்குச் செல்லும் வழியெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நெடுநாளாக முற்றிய நீரிழிவு என்றார் மருத்துவர். காலை எடுத்தும் அண்ணனைக் காக்க இயலவில்லை.

அண்ணன் மகள் கருவுற்றிருந்தபோது அவளுக்கும் சர்க்கரை கூடியிருந்தது. பிள்ளை பிறந்ததும் அதனை மறந்துவிட்டோம். காரியம் முடிந்தபின், சோதனைக்குச் செல் என்று அவளிடம் கூறினேன்.

“மொதல்ல நீங்க வெரல நீட்டுங்க சித்தப்பா. அப்புறம் எனக்குப் புத்தி சொல்லலாம்.”

இருவரும் சென்றோம். எனக்கு நோய் வந்துவிட்டது. அவளோ நோயின் எல்லையில் நிற்கிறாள். எடையைக் குறைத்து, நாள்தோறும் வேகமாக நடந்து, சோற்றையும் இனிப்புப் பானங்களையும் குறைத்தால் நோயை வரவிடாமல் தடுக்க இயலும் என்றார் மருத்துவர். இப்போது அவள் பிரிஞ்சாங் ஊரிலிருந்து கியா பார்ம் செல்லும் ஏற்றச் சாலையில் நடக்கிறாள். வழியில் காரை நிறுத்தி ஏற்றிக்கொள்ளும் அன்பான உறவினர்களே, அவளை நடக்க விடுங்கள். ஒரே இரத்தமாகிய நீங்களும் உங்கள் உடலைச் சந்தேகியுங்கள். நோயில்லை என்று தோன்றும்போதே சோதித்துப் பாருங்கள்.

அண்ணனைச் சுமந்தோர், சமைத்தோர், இரத்தம் தந்தோர் யாவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆறுமுகத்திடம் நன்றிக்கு முன் மன்னிப்பு வேண்டுகிறேன். இன்று படையல் முடிந்தபின் உங்களுக்கு வழங்கும் தேநீரை அவரே தம் கையால் காய்ச்சுகிறார். கசக்கும். அதில் ஒன்றும் போடவில்லை.