அன்னாளுக்குக் கிடைத்தது அக்காவுக்குக் கிடைக்கவில்லை

அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் அன்று ஆலயத்தில் இருந்தவர்கள். ஆகவே வழக்கமான புகழுரையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா அங்கே ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர், காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுப்பவர். ஜப்பான்காரன் காலத்தில் அம்மா மலேரியாவில் இறந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு எட்டு. மரவள்ளிக்கிழங்கை அவித்து என் தட்டில் வைத்துவிட்டுத் தமக்குப் பசியில்லை என்பார். நானும் நம்பிக்கொண்டு சாப்பிட்டேன்.

போருக்குப் பின் காஜா பெராங்கில் குடியேறினோம். ஞாயிறு பள்ளியில் பழைய ஏற்பாட்டுக் கதைகளை அக்கா சொன்னால் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறுப்பார்கள். பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து குடியேறிய மலாக்கா செட்டிக் குடும்பம். அவர்கள் பேசுவது மலாய். கோயில் பாட்டு மட்டும் தமிழ். அந்த வீட்டு மகன் பாட்டைத் தமிழ் எழுத்திலேயே படிக்க ஆசைப்பட்டார். வாரம் இருமுறை, அவருடைய தாயாரும் உடனிருக்க, அக்கா அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். நடந்தது இவ்வளவே.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்காக ஊரெல்லாம் கொடி கட்டத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் போதகர் அக்காவைப் பெயர் சொல்லி அழைத்து முன்னால் நிறுத்தினார். வாலிபன் வீட்டுக்குத் தனியே போய்வரும் ஆசிரியையால் சபைக்கே இழிவு என்றார். எல்லார் முன்பும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

“எழுத்துச் சொல்லிக் குடுக்கத்தான் போனேன், ஐயா. அவங்கம்மா கூடவே இருந்தாங்க. செய்யாததுக்கு நான் எப்படி மன்னிப்புக் கேக்கறது?” என்றார் அக்கா.

மறுவாரமே ஆசிரியர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். செட்டி அம்மையார் தாமே போதகர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அங்கிருந்த மூப்பர்கள் தங்களுக்கு மலாய் சரியாகப் புரியவில்லை என்றார்கள். அவர்கள் எல்லாருமே சந்தையில் மலாயில் பேசித்தான் மீன் வாங்கினார்கள்.

அக்காவுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் முறிந்தது. பேச்சு அடங்கும்வரை சிரம்பானில் அத்தை வீட்டில் இருக்கும்படி அப்பா சொன்னார். தாவீது அனுப்பிய தூதர்களின் தாடியை அம்மோனியர் பாதி சிரைத்து அனுப்பியபோது, தாடி வளரும்வரை எரிகோவில் தங்கியிருக்கும்படி ராஜா சொல்லவில்லையா என்று கேட்டார்.

“ராஜா அவங்களுக்கு எதிர்கொண்டு ஆள் அனுப்பிச் சொன்னாருப்பா. நமக்கு யாரு ஆள் அனுப்புனா?” என்றார் அக்கா. அவர் போகவில்லை. ஞாயிறுதோறும் அதே ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

அந்த நாட்களில் அவர் எழுதிய நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. எபிரெயருக்கு வெட்கம் என்பது மனத்துக்குள் தானாகத் தோன்றுவது மட்டுமல்ல, பிறர் பார்க்க ஒருவர்மேல் போர்த்தப்படுவது என்று எழுதியிருக்கிறார். அதனால்தான் சங்கீதக்காரன் தனக்கு ஆறுதல் கிடைத்தால் போதும் என்று நிற்பதில்லை. தன்னை நிந்தித்தவர்கள் கண்முன்னே தன்னைத் தூக்கிவிடச் சொல்கிறான். அடுத்த பக்கம் முழுக்க அன்னாளைப் பற்றியது. பிள்ளைக்காக மனமுடைந்து உதடு மட்டும் அசைய ஜெபித்தவளைக் குடித்திருக்கிறாள் என்று கடிந்தார் ஆசாரியர் ஏலி. அவள் உண்மையைச் சொன்னதும், நின்ற இடத்திலேயே தம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவளை வாழ்த்தினார்.

வதந்தியைக் கிளப்பியவர், தாம் எதையும் நேரில் பார்க்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார். ஒன்றரை ஆண்டு கழித்து மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தவறு நடந்துவிட்டது, மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

அக்கா அவருக்குக் காப்பி கொடுத்தார். “எல்லார் முன்னாடியும் சொன்னீங்க, ஐயா. இத மட்டும் ஏன் வீட்டுக்கு வந்து சொல்றீங்க?” என்று கேட்டார்.

சபையின் மரியாதையையும் பார்க்க வேண்டும் அல்லவா என்றார் மூப்பர். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். ஆலயத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அக்காவைக் காசநோய் பிடித்தது. மருத்துவமனையில் நான்கு மாதம் கிடந்தார். சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. இறந்த அன்றோ ஆலயம் நிறைந்திருந்தது. பெட்டியருகே நின்று, நம் சபையின் அருமை ஆசிரியை என்றார் போதகர். அக்கா கேட்டிருக்க வேண்டிய சொல் அது. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

நான்கு மாதமும் தினம் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய செட்டி அம்மையாருக்கும், பெட்டியைத் தூக்க முதலில் தோள் கொடுத்த அவர் மகனுக்கும், இரவு பகல் பாராது கவனித்த தாதியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. சபைக்கு நன்றி சொல்ல என்னால் ஆகவில்லை. இதில் யாருக்கேனும் வருத்தம் உண்டானால் அது என்னைச் சேரட்டும்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அக்கா முன்னால் நின்ற அன்று நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். இருபத்திரண்டு வயது, கையில் அரசாங்க வேலை. அக்கா பேசி முடித்து ஒருமுறை என் பக்கம் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி அவர் கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படிக்கு,
தம்பி