வட்டக்கச்சிப் பயணமும் நோகாத பல்லும்

பதினெட்டு வருடம் காணாத தன் அக்காவைப் பார்க்கவேண்டும் என்று கணவர் துடித்ததால்தான் 2005 ஆடியில் கனடாவிலிருந்து இலங்கைக்கு, வன்னிக்குப் போனோம். மூன்று கிழமை லீவு. சண்டை நின்றுவிட்டது, சமாதானம் என்றார்கள், நான் நம்பவில்லை. எதையும் இலேசில் நம்புகிற ஆள் நானில்லை, இவரையும் சேர்த்துத்தான்.

காலை ஆறு மணிக்கு வவுனியாவில் வான் பிடித்தோம், ஆளுக்கு இருநூறு ரூபா. ஓமந்தை கிட்டத்தான், ஆனால் அங்கே ஆமி, புலிகள் என்று இரண்டு பக்கச் சோதனையும் முடிய மூன்று மணித்தியாலம் போய்விட்டது. பெட்டியைப் பூட்டாமல் கொண்டுபோங்கள். அப்பால் போனதும் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்குத் திருப்பவேண்டும். புலிகளின் பக்கம் வேறு நேரம்.

வானில் இவர் கடலை வடையை வலப்பக்கமாகவே மென்றார். இடது கடைவாயில் நாலு வருடத்துக்கு முன் இம்பிளாண்ட் வைத்தவர், அதாவது தாடை எலும்பில் திருகாணி இறக்கி அதன்மேல் பொருத்திய பல். வாயில் எந்நேரமும் கராம்பு மணம். விட்ட சிகரெட்டைத் திரும்பத் தொடங்கிவிட்டார், அந்த மணத்தை மறைக்கத்தான் கராம்பு என்று முடிவுகட்டினேன். வான் நிற்கிற இடமெல்லாம் சாரதியோடு பின்பக்கம் போனார்.

"தம்பி, இவருக்குச் சிகரெட் குடுத்தனீங்களோ?"

"ஐயோ அக்கா, நான் பத்திறேல்லை. அண்ணை வாய் கொப்பளிக்கத் தண்ணி கேட்டவர்."

அதையும் நான் நம்பவில்லை. வட்டக்கச்சியில் இவருடைய அக்கா, என் மச்சாள், இவரைக் கட்டிப்பிடித்து அழுதா. அடுத்த நாள் காலை இவர் கிணற்றடியில் பல் தீட்டுவதை மறைந்து நின்று பார்த்தேன் (வெட்கமெல்லாம் எனக்கில்லை). இடப்பக்கம் பிரஷ் போகவேயில்லை. துப்பியதில் இரத்தம்.

"என்னப்பா இது?"

"பிரஷ் பட்டா ரத்தம் வருது. அதுதான் அதிலை தீட்டுறேல்லை. கராம்பு வாய் மணத்துக்கு. நோகேல்லைத்தானே."

"எப்ப துவக்கம்?"

"ரண்டு மாசம். சொன்னா நீ பயணத்தைத் தள்ளிப்போடுவாய். பேந்து சண்டை வந்து பாதையைப் பூட்டினா அக்காவை எப்பிடிப் பாக்கிறது?"

மச்சாள்தான் தீர்ப்புச் சொன்னா: "போய்க் காட்டிக்கொண்டு வாடா. நான் எங்கை போகப்போறன்?"

வவுனியாவில் பல் வைத்தியர் ஒரு பெண். மெல்லிய கருவியால் அந்தப் பல்லைச் சுற்றி முரசுக்குள், அதாவது ஈறுக்குள், ஆழம் பார்த்தா. உடனே இரத்தம் கசிந்தது. சிகரெட், சலரோகம் (நீரிழிவு), முந்தி முரசு வருத்தம் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டா. இருந்தால் ஆபத்துக் கூடவாம். சிகரெட் விட்டாச்சு என்றார் இவர். நான் அவருடைய விரல்களைப் பார்த்தேன்; கறை இல்லை.

"அழுக்குப் படிஞ்சு கிருமி சேர்ந்திட்டுது. ரத்தம் வருதெண்டு தீட்டாம விட்டா இன்னும் கூடும். முரசோடை நிண்டா மாத்தலாம், எலும்பு கரையத் துவங்கினா கஷ்டம். நோகிறதையும் ஆடுறதையும் பாத்துக்கொண்டிருக்கக் கூடாது."

எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கினதாகத் தெரியவில்லை என்றா. பல் வைத்தபோது எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் நிச்சயமாம். சுத்தம் செய்து முடிந்ததும் இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டார்: "டொக்டர், இன்னும் பத்து நாள் அக்காவோடை நிக்கலாமோ?"

"நில்லுங்கோ. ரத்தம் வந்தாலும் மெல்லமாத் தீட்டுங்கோ. கனடாவிலை இறங்கின கையோடை காட்டுங்கோ."

இம்பிளாண்ட் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கமுன்பே வாயைக் காட்டிவிடுங்கள். இரத்தம், சிவப்பு, வீக்கம், சீழ், கெட்ட சுவை, எது வந்தாலும், நோகாவிட்டாலும். வவுனியாவுக்குப் போய்வந்ததில் எங்களுக்கு இரண்டு நாள் போனது. அக்காவோடு இருந்திருக்கவேண்டிய நாட்கள். நாங்கள் திரும்பியபோது பாதை திறந்துதான் இருந்தது. அடுத்த முறையும் திறந்திருக்கும் என்று இவர் சொல்கிறார். நான் நம்பவில்லை.