கூரையிலிருந்து விழுந்தவன் பார்த்த மூன்று கோயில்கள்

நான் ஒருமுறை கூரையிலிருந்து விழுந்தேன். அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்க்கிறேன். சாமி அப்புறம்.

விழுந்த கதை சின்னது. தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கட்டட வேலை. நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடான லயத்துக்குத் தகரம் மாற்ற ஏறினேன். தகரம் ஈரமாக இருந்தது. கீழே வந்துவிட்டேன். வலது கால் முறிந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். அவ்வளவுதான்.

பெரிய கதை என் மனைவி செய்தது. டாக்டர் சிங்களத்தில் நிறையப் பேசினார். அவளுக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதிக்குப் பயந்துபோய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இந்த மனுசன் எழும்பி நடந்தா, நுவரெலியா டவுன்ல இருக்குற அத்தன கோயிலுக்கும் இவரையே நடக்க வச்சு, இவரு கையாலயே தேங்கா ஒடைக்க வைக்கிறேன். எந்த வேதம்னு பாக்க மாட்டேன். அது முடியிற வரைக்கும் தேத்தண்ணி தொட மாட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார். "டவுன்ல சர்ச்செல்லாம் இருக்கேம்மா. அங்கயுமா?"

"அங்கயும்தான்."

நான் வலியில் கிடந்தேன். தடுக்க முடியவில்லை.

தேங்காயைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தேத்தண்ணிதான் கவலை. இவள் காலையில் எழும்பியதும் ஒன்று, கொழுந்து மலைக்குப் போகுமுன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று என்று குடித்து வளர்ந்தவள். இப்போது நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, எல்லாரும் தேத்தண்ணி குடிக்கும்போது சுடுதண்ணியோடு உட்கார்ந்தாள். தலைவலி வந்தது. தலைவலியோடு கோபம் வந்தது. வீட்டில் சட்டி, மூடி, கதவு எல்லாம் பேச ஆரம்பித்தன.

அவள் தம்பி ஒரு நாள், "கோப்பி குடியேன்க்கா" என்றான்.

"காய்ச்சக்காரங்க குடிக்கிறது அது. எனக்கென்ன காய்ச்சலா?"

அவன் அதன் பிறகு எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் வருவதில்லை.

லயத்தில் என்னைத்தான் குறை சொன்னார்கள். கம்பை ஊன்றிக்கொண்டு பீலிக்குப் போனால், தண்ணீர் பிடிக்கிற பெண்கள் கேட்பார்கள்: "என்னண்ணே, இன்னும் சரியா நடக்கலயா? ஒங்க காலால ஒரு பொம்பள தேத்தண்ணி இல்லாம கெடக்குறாளே." கால் முறிந்தவன் நான். 'பாவம்' என்ற சொல் அவளுக்குப் போனது.

அதனால் சீக்கிரம் நடந்தேன். முருகன் கோயில், அம்மன் கோயில் எல்லாம் முடித்தோம். விகாரையிலும் உடைத்தோம். அங்கே அதற்கென்றே கல் போட்டிருந்தார்கள். பள்ளிவாசலில் வாசலிலேயே ஒரு பெரியவர் நின்றார். விஷயத்தைக் கேட்டார். சிரித்துக்கொண்டே படிக்கு ஓரம் ஒரு கல்லைக் காட்டினார். எங்கும் தொந்தரவு இல்லை. சர்ச்சுகள்தான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை மச்சான் ஆட்டோவைக் கொண்டுவந்தான். மச்சான் என்றால் அந்தக் கோப்பிக்காரத் தம்பிதான். கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டி வேதத்துக்கு மாறியவன். அதனால் சர்ச் விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவன்தான் பெரிய ஆள்.

"டவுன்ல எத்தன சர்ச்?" என்று கேட்டேன்.

"மூணு. எல்லாம் எனக்குத் தெரியும் மச்சான். நீங்க பேசாம வாங்க."

நான் எப்போதும் பேசாமல்தான் வருவேன்.

முதல் சர்ச் மேட்டில் இருந்தது. மற்ற இரண்டும் மேட்டில்தான் இருந்தன. வெள்ளைக்காரன் சாமியை மேட்டில் வைத்தான், எங்கள் லயத்தைப் பள்ளத்தில் வைத்தான். ஆட்டோ உள்ளே போகக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். நடக்க வைப்பதாகத்தானே வேண்டுதல். கேட்டிலிருந்து நடந்தேன்.

இது மச்சானுடைய வேதத்துச் சர்ச். வெள்ளைச் சுவர். உள்ளே ஆகாயம் மாதிரி உயரம். மேலே பலகை அடித்து நீலம் பூசியிருந்தார்கள். மழை ஒழுகிய கறை ஒன்றுகூட இல்லை. இந்தக் கூரையிலிருந்து விழுந்திருந்தால் வேண்டுதலுக்கே வேலை இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் சொந்த வீடு மாதிரி முன்னால் போனான். வாசல் பக்கம் ஒரு கல் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. அதைத் தொட்டு நெற்றியில் வைத்தான். மனைவி பின்னால் வந்து, உள்ளங்கையில் அள்ளி, மூன்று வாய் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டாள்.

"அக்கா! அது குடிக்கிறதில்ல!"

"தீர்த்தத்த குடிக்காம வேற என்னடா பண்ணுவாங்க?"

"தொட்டு வைக்கணும். அவ்வளவுதான்."

"இவ்வளவு தண்ணி வச்சிருக்காங்க, தொட்டு வைக்கவா?"

அந்தோனியார் சிலைக்கு முன்னால் அவள் பையிலிருந்து தேங்காயை எடுத்தாள். எங்கிருந்தோ ஒரு சிஸ்டர் வந்துவிட்டார். பதமாகத்தான் பேசினார்.

"ஒடைக்காம வச்சிட்டுப் போங்கம்மா. நாங்க பாத்துக்கிறோம்."

"ஒடைக்கிறேன்னு சொல்லிட்டேன் சிஸ்டர். வச்சிட்டுப் போறேன்னு சொல்லல."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். "எப்படியும் சமையலுக்கு ஒடைக்கத்தான் போறோம். குசினிப் பக்கம் வாங்க" என்றார். குசினிப் படியில் நான் போட்டது ஒரே அடி. தேங்காய் வெள்ளையாக இருந்தது. மனைவிக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

சிஸ்டர் பால் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மச்சான் குடித்தான். நானும் எடுத்தேன். மனைவி என் கோப்பையைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பசித்த பிள்ளை அடுத்தவன் தட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நான் பாதியில் வைத்துவிட்டேன்.

இரண்டாவது சர்ச் சின்னது. தகரக் கூரை. நீள ஜன்னல்கள். சிலுவையைக் கழற்றிவிட்டால் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவம்தான். பழைய தகரம், கனமானது. அடித்தவன் நன்றாக அடித்திருந்தான். எனக்கு அந்த இடம் பிடித்தது.

மச்சான் வாசலிலேயே நின்றான். "இது வேற சபை மச்சான். நமக்குப் பழக்கமில்ல" என்றான். பெரிய ஆள் அங்கே முடிந்துவிட்டார்.

பாஸ்டர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டார். எங்களை உட்கார வைத்தார்.

"நாங்க தேங்கா ஒடைக்கிறதில்லைங்கம்மா. இயேசு ஒங்ககிட்ட தேங்கா கேக்க மாட்டாரு."

"அவரு கேக்கலங்க ஐயா. நாந்தான் சொன்னேன்."

பாஸ்டர் அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"சரி. ஒங்க வீட்டுக்காரரு காலுக்காக நான் ஒரு ஜெபம் பண்றேன். ஜெபம் பண்ணும்போது நான் கண்ண தொறக்க மாட்டேன். யாரு எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியாது."

கண்ணை மூடினார். ஜெபம் நீளமாக இருந்தது. முதலில் என் கால், பிறகு தோட்டத்து ஜனங்கள், பிறகு நாடு. நாட்டுக்கு வந்தபோது மனைவி என் விலாவில் இடித்தாள். மெதுவாக எழும்பி, பின்கதவால் போய், தண்ணீர்க் குழாய் அடியில் தேங்காயைப் போட்டேன். சத்தம் பலமாகக் கேட்டது.

"ஆமென்" என்றார் பாஸ்டர். கண்ணைத் திறக்கவில்லை.

பாஸ்டருடைய சம்சாரம் இஞ்சி போட்ட தேத்தண்ணியோடு வந்தார். மனைவி வெளியே போய்விட்டாள். நானும் வேண்டாம் என்றேன். மச்சான் மட்டும் இரண்டு கோப்பை குடித்தான். பழக்கமில்லாத சபையில்.

மூன்றாவதுதான் பழைய கல் சர்ச். நுவரெலியாவுக்கு வருகிற ஆட்களெல்லாம் படம் எடுக்கிற சர்ச். சுற்றிலும் வெள்ளைக்காரர்களுடைய கல்லறை. சுவர் முழுக்கக் கல், பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. கேட்டில் ஒரு காவல்காரர், காதை மூடுகிற மங்கித் தொப்பி போட்டவர், எங்கள் பையைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் என்ன என்று அதட்டினார்.

"சும்மா பாக்க வந்தோம்னு சொல்லுடா" என்று மனைவி மச்சானிடம் முணுமுணுத்தாள்.

"தமிழ்லயே சொல்லுங்க" என்றார் காவல்காரர். "நானும் ராகலப் பக்கம் தோட்டந்தான். செருப்போட போகலாம், பரவால்ல."

மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். நானும் கழற்றினேன். கல் தரை. நுவரெலியாக் குளிர். காலுக்குள் இருந்த கம்பி வரைக்கும் ஏறியது.

உள்ளே இருட்டு. மேலே பெரிய பெரிய கைமரங்கள், கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி. கண்ணாடி ஜன்னலில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம். அந்தக் கைமரங்களைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன். எப்படி ஏற்றினார்கள், எத்தனை பேர் தூக்கினார்கள், யார் விழுந்தான் என்று யோசித்தேன். விழுந்தவன் பெயர் அங்கே இல்லை.

பெயர்கள் இருந்தன. சுவரில் பித்தளைத் தகடுகள். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் தோட்டத்துப் பெயர் தெரியும். தேயிலைச் சாக்கில் பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்து. ஒரு தகட்டில் அது இருந்தது.

"நம்ம தோட்டத்துத் தொர" என்றேன்.

மனைவி கிட்டே வந்தாள். "செத்துட்டாரா?"

"வெள்ளக்காரன் காலத்துலயே செத்திருப்பாரு."

"அப்பறம் ஏன் இன்னும் சுவத்துல நின்னு நம்மள பாக்குறாரு?"

மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். குளிருக்குப் போட்டிருந்த தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். தகட்டுக்கா சாமிக்கா என்று கேட்கவில்லை.

வெளியே வந்ததும் காவல்காரர் பையைக் காட்டிக் கேட்டார். "அதுல என்னங்க?"

"தேங்கா" என்றாள் மனைவி. விஷயத்தையும் சொன்னாள். தேத்தண்ணியை மட்டும் சொல்லவில்லை.

அவர் தலையை ஆட்டினார். "முடியாதும்மா. பழைய கட்டடம். கல்லுல ஒரு கீறல் விழுந்தாலும் என் வேல போயிரும். கல்லறப் பக்கமும் முடியாது."

"அப்ப கேட்டுக்கு வெளிய?"

"வெளிய ரோட்டு. அது முனிசிபலுக்குச் சொந்தம். அங்க என்னவும் பண்ணுங்க."

"முனிசிபலுக்கு நான் வேண்டல அண்ணே."

அவள் குரல் உடைந்தது. சாதாரணமாக உடையாத குரல். படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். இதுதான் கடைசி. இங்கே முடியாவிட்டால் இந்தச் சுடுதண்ணி வாழ்க்கை எத்தனை காலத்துக்கோ. கம்பை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

காவல்காரர் சங்கடப்பட்டார். காவல் கூண்டுக்குள் போய், பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றி, கருப்பட்டித் துண்டோடு கொண்டுவந்தார். "இந்தாங்க தங்கச்சி, மொதல்ல இத குடிங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன், எங்க கையால குடிக்க மாட்டீங்களா?"

"ஐயோ அண்ணே, அதுக்கில்ல" என்று மச்சான் உள்ளே புகுந்தான். "அக்கா தேத்தண்ணி குடிச்சு மாசக்கணக்காச்சு. இந்த வேண்டுதல் முடிஞ்சாத்தான் குடிக்கும்."

காவல்காரர் கோப்பையோடு அப்படியே நின்றார்.

"மாசக்கணக்கா? மலைக்குப் போறாங்களா?"

"தெனம் போறாங்க."

"பத்து மணிக்கு?"

"சுடுதண்ணி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பீலிப் பெண்கள் பார்த்த அதே பார்வை. பிறகு கேட்டுக்குப் போனார். குனிந்து தரையைப் பார்த்தார். மழைத்தண்ணி ஓடுகிற கானுக்கு மேல் ஒரு சீமெந்துப் பலகை போட்டிருந்தார்கள். காலால் தட்டினார்.

"இது புதுசு. பழைய கல்லு இல்ல. கேட்டுக்கு உள்ள இருக்குற பாதி கோயிலுக்கு, வெளிய இருக்குற பாதி முனிசிபலுக்கு. உள்பாதியில போடுங்க. சரியா போடணும்."

மனைவி எழும்பிவிட்டாள். பலகையை அவளும் அளந்து பார்த்தாள். "இந்த எடமா? இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி." இரண்டு பேரும் குனிந்து, விரலால் கோடு போட்டு, ஒத்துக்கொண்டார்கள்.

நான் கம்பை மச்சானிடம் கொடுத்தேன். ஓங்கிப் போட்டேன். உடையவில்லை. துள்ளி, கேட்டைத் தாண்டி, ரோட்டில் இறங்கி, சரிவில் உருண்டது. மச்சான் துரத்திக்கொண்டு ஓடினான். மேலே வந்த ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. "வெளிய போயிருச்சே, செல்லுமா?" என்று மனைவி காவல்காரரைக் கேட்டாள். "ஒடையலயே, செல்லும்" என்றார் அவர்.

இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். உடைந்தது. ஒரு மூடி உள்ளே விழுந்தது. ஒரு மூடி ரோட்டோரக் கானுக்குள் போனது.

"முனிசிபலுக்கும் பங்கு போயிருச்சு" என்றார் காவல்காரர். "இப்ப குடிங்க தங்கச்சி."

அவள் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினாள். ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் குடித்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"டஸ்டுத் தூள்" என்றாள். "சாயம் ஏறல." பிறகு முழுவதும் குடித்தாள். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கருப்பட்டியை எனக்குக் கொடுத்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சும்மா பேச்சு. சந்தை தாண்டியது. ஒரு திருப்பத்தில், மரக்கறித் தோட்டத்துக்கு மேலே, மேட்டில், ஒரு சின்னத் தகரக் கூரை தெரிந்தது. கூரையைத்தானே முதலில் பார்ப்பேன். அதன் உச்சியில் சிலுவை.

மச்சானும் பார்த்துவிட்டான். ஆட்டோ ஒரு மாதிரி ஆடியது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன்.

மனைவியின் பேச்சு நின்றுவிட்டது. அவளும் பார்த்துவிட்டாள். சிலுவை எங்களைத் தாண்டிப் போகும்வரை நேராகப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"டவுன் முடிஞ்சிருச்சு" என்றாள். "இது கந்தப்பள."

அடுத்த ஊரான கந்தப்பளைக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது.

"ஆமாக்கா, கந்தப்பளதான்" என்றான் மச்சான்.

என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன்.