பெரியப்பா காரில் முறிந்த சாவி

எங்கள் வீட்டில் எதைத் தொடங்கினாலும் பெரியப்பா மகள்தான் முதலில் கை வைக்க வேண்டும். அவள் பிறந்த அன்று வலை கிழிகிற அளவுக்கு மீன் விழுந்ததாம். அதிலிருந்து அவள் கைராசிக்காரி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் பிறந்த அன்று என்ன விழுந்தது என்று அம்மாவைக் கேட்டேன். மழை என்றார்.

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்துக் குப்பம் எங்களுடையது. படகு தள்ளுமுன், விடியாத நேரத்தில், அவளைத் தூக்கத்தோடு தோளில் போட்டுக்கொண்டு போய்க் கயிற்றைத் தொட வைப்பார்கள். நானும் பாதிக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். என்னை யாரும் தூக்கியதில்லை.

சுனாமிக்கு அப்புறம் பெரியப்பாவுக்குக் கடல் என்றாலே பயம் வந்துவிட்டது. அப்பா மட்டும் படகில் போனார். வாடகைக்குக் கார் ஓட்டிப் பிழைக்கலாம் என்று பெரியப்பா இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார். பூஜை போட எல்லோரும் சிதம்பரம் போனோம். அவள் முன்சீட்டில். நான் பின்னால் அப்பாவின் மடியில். வழி நெடுக அவள் ஜடையைப் பார்த்துக்கொண்டே போனேன். பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் என்ன என்றிருந்தது.

கோயிலின் கீழவீதியில் பூஜை முடிந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சாவியில் பெரியம்மா முன்பே நாலு கோயில் கயிறும் செப்புத் தகடும் பித்தளை மணியும் கட்டியிருந்தார். அது கத்தரிக்காய்க் கொத்து மாதிரி தொங்கியது. வண்டியைக் கிளப்ப அவள் இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். கொத்து அவள் கையோடு வந்தது. சாவியில் பாதி உள்ளேயே நின்றுவிட்டது.

பெரியப்பா முகம் செத்துப் போனது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

“ராசியான கைன்னு குடுத்தா இப்படிப் பண்ணிட்டியேடி” என்றார் பெரியம்மா.

“பழைய சாவி அண்ணி. இம்மாம் பாரத்தக் கட்டுனா முறியாம என்னா பண்ணும்?” என்றார் அப்பா.

“சாமி கயிறு ஒனக்குப் பாரமா தெரியிதா?”

பெரியப்பா, பெரியம்மாவின் கொண்டை ஊசியை வாங்கி உள்ளே விட்டுக் குத்தினார். முறிந்த துண்டு இன்னும் ஆழத்துக்குப் போனது.

தெருமுனையிலிருந்து சாவிக்காரரைக் கூட்டி வந்தார்கள். “ஊசிய வுட்டுக் குத்துனது யாரு? அவருக்கு ஜாஸ்தி சார்ஜு” என்று சிரித்தார். மெல்லிய திருப்புளியால் துவாரத்தை நேராக்கி, நூல் போன்ற ரம்பப் பிளேடை உள்ளே விட்டு, அதன் பல்லில் துண்டை மாட்டி இழுத்தார். இரண்டு துண்டையும் ஒட்ட வைத்துப் பார்த்துப் புதுச் சாவி வெட்டிக் கொடுத்தார்.

பெரியப்பா அதை அவளிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இவ வேணாம். சின்னவ போடட்டும்” என்றார் பெரியம்மா.

போட்டேன். வண்டி கிளம்பிவிட்டது. பெரியம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாடகை கிடைக்காத நாளில் பெரியம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். படகு வெறுமனே திரும்பினால் அப்பாவும் அப்படித்தான். படகுக் கயிற்றைத் தொட விடியலில் எழுந்து எழுந்து வகுப்பில் தூங்கி வழிந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அவள் கடலூரில் காலேஜ் படித்தாள். நான் இன்றைக்கும் அடுப்பைக்கூட வேறு யாரையாவது பற்ற வைக்கச் சொல்லிவிடுவேன்.

ஆனால் அன்று திரும்பும்போது முன்சீட் என்னுடையது. அவள் வயிறெரிவதைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். என் அப்பாவின் மடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே உன்னத்தான் எழுப்புவாங்க. நான் தூங்குவேன்” என்றாள்.

பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், என்னைத் தூக்க வருகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, பாயைக் கதவோரம் இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டேன்.