காய்ச்சல் வராத தம்பி

என் தம்பி குழாய் வேலை செய்கிறவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி இயந்திரம்தான் அவன் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. என்னுடைய சிறுநீரகம் ஒன்றை அவனுக்கு வைப்பதாக முடிவாகி, தேதியும் குறித்தாயிற்று. அதுவரை அவன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: சும்மா இருப்பது.

அது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். குழாய் முறுக்கிய கையை ஏனோ விட்டுவிட்டார்கள். மாடி வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டதாம், கூப்பிட்டார்களாம், போய்விட்டான். நான் வாங்கிக் கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வான். ஆனால் அடைப்பைத் தேடும்போது மட்டும் கழற்றிவிடுவான். "உறை போட்டா விரலுக்குக் கண்ணு தெரியாதுக்கா" என்பான். உள்ளே கிடந்த கம்பி அந்தக் கண்ணிலேயே ஏறிவிட்டது.

என்னிடம் மூச்சு விடவில்லை. பிளாஸ்டரைப் பார்த்து நானாகத்தான் கண்டுபிடித்தேன். ஆள்காட்டி விரல் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"காய்ச்சலே இல்லக்கா. இந்தா, நீயே பாரு." பரீட்சையில் பாஸானவன் மாதிரி தெர்மாமீட்டரை நீட்டினான். "கிருமி இருந்தா உடம்பு சுடாதா? இப்பப் போய்க் காட்டுனா ஆபரேஷனைத் தள்ளி வெச்சுடுவாங்க."

கத்தினேன், கெஞ்சினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் இயந்திரத்தில் படுத்திருந்தபோதே மயங்கிவிட்டான். நர்ஸ் பிளாஸ்டரைப் பிரித்தார். விரல் கறுத்திருந்தது. உடம்பு அப்போதும் சுடவில்லை.

"எப்படி சுடும்?" என்றார் டாக்டர். "கிருமியோட சண்டை போடற வெள்ளையணுக்கள் இவரு ரத்தத்துல இருக்கற கழிவுலயே சீக்கிரம் செத்துப்போகுது. மிஞ்சினதுக்கும் தெம்பில்ல. சண்டை நடந்தாதானேம்மா சூடு ஏறும்? இவங்களுக்குக் காய்ச்சல் இல்லன்னா நிம்மதியா இருக்கக் கூடாது."

விரலில் பாதியை எடுத்தார்கள். குறித்த தேதி போனது. மற்றவர்களுக்குச் சில வாரங்களில் ஆறும் புண் இவனுக்கு மாதக்கணக்கில் இழுத்தது. ஆறிய பிறகு என்னை மறுபடி சோதித்தார்கள். இந்த முறை எனக்குச் சர்க்கரை. இனி என்னிடமிருந்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கொடுக்க வேறு ஆளும் எங்கள் குடும்பத்தில் இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"சர்க்கரைன்னா சாதாரணமா நினைக்காதக்கா. புண்ணு கிண்ணு வராமப் பாத்துக்கோ."

யார் யாருக்குச் சொல்வது! எனக்கு வந்த ஆத்திரத்தில் பளாரென்று ஒன்று விடக் கையை ஓங்கினேன். நகம் பட்டுக் கன்னத்தில் கீறிவிட்டால் என்ன செய்வது? அப்படியே இறக்கிக்கொண்டேன்.